மறு: அன்கன்ஃபார்மிட்டிக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

புவி அறிவியலின் பழைய, புதிய நூல்களிலிருந்து சில பகுதிகளைக் கல்லூரி மாணவர்களுக்காக மொழிபெயர்த்து வருகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். ஹட்டன், பிளேஃபேர், லயெல், வெகனர், கடைசியாக 1981இல் வந்த மெக்ஃபீ. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெக்ஃபீயின் 'டீப் டைம்' என்பதற்கு 'ஆழ்காலம்' உட்பட எல்லாம் தேறிவிட்டது. அன்கன்ஃபார்மிட்டியில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: பழைய பாறை தேய்ந்து, நெடுங்காலம் கழித்து அதன்மேல் புதிய அடுக்கு படிந்த இடத்துக்கான பெயர் அது.

இடம் இதுதான். 1788இல் ஹட்டனும் பிளேஃபேரும் ஜேம்ஸ் ஹாலும் படகில் போய் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், சிக்கர் முனையில் இறங்குகிறார்கள். கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள், அலமாரியில் புத்தகங்களை நிறுத்திவைத்ததுபோலச் செங்குத்தாக. அவற்றின் தலை மழுங்கித் தேய்ந்திருக்கிறது. அதன்மேல் சிவப்பு மணற்கல் லேசான சாய்வில் படுத்திருக்கிறது. கீழ்ப்பாறை கடலடியில் படிந்து, இறுகி, மடங்கி, நிமிர்ந்து, தேய்ந்த பிறகுதான் மேலே மணல் வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகள். காலத்தின் அந்தப் பாதாளத்தை எட்டிப் பார்த்ததில் மனம் கிறுகிறுத்தது என்று பிளேஃபேர் பின்னாளில் எழுதினார்.

வரைவில் 'ஒவ்வாமை' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த அக்கா மகள், "சித்தி, பாறைக்கு அலர்ஜியா?" என்று கேட்டாள். பதினோராம் வகுப்புப் பிள்ளை. அவள் மேல் தப்பே இல்லை.

அன்புடன்,
மீ.

---

அன்புள்ள மீ.,

ஒவ்வாமையை மருத்துவர்களிடமே விட்டுவிடுங்கள். 'பொருந்தாமை' இருக்கிறதே! 'பொரு' என்னும் வேரைப் பாருங்கள். பொருதல் என்றால் போரிடுதல், மோதுதல். பொருவுதல் என்றால் ஒத்திருத்தல். இரண்டு பொருள்கள் எதிரெதிரே வந்து தொட்டால்தான் மோதலும் நடக்கும், ஒத்தலும் நடக்கும். திரை பொரும் கரை என்கிறோம். நீங்கள் சொல்லும் சிக்கர் முனையே அலை பொரும் கரைதானே! போர், பொருநன், பொருத்தம் எல்லாம் ஒரே கொடியின் காய்கள் என்பது என் நெடுநாள் கருத்து. தண்பொருநையையும் இதில் சேர்க்கலாமா என்று பத்து ஆண்டுகளாக யோசித்து வருகிறேன். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

பு.

---

பு. ஐயாவுக்கு வணக்கம்.

ஐயா, 'பொருந்தா' என்றதுமே தமிழ் படித்தவர்களுக்குப் பெருந்திணைதானே நினைவுக்கு வரும்? பொருந்தாக் காமம் என்று இலக்கணமே சொல்கிறது. அது போகட்டும், என் கவலை வேறு. நான் கல்லூரியில் மண்ணியல் (ஜியாலஜி) நடத்துகிறேன். அன்கன்ஃபார்மிட்டி ஒரு பண்பு அல்ல, ஒரு பரப்பு. கையை வைத்துக் காட்டலாம்.

திருப்பதி போகாதவர்கள் இந்தக் குழுவில் இருக்க மாட்டீர்கள். திருமலை மலைப்பாதையில் பேருந்து திரும்பும்போது, கீழே உருண்டு திரண்ட கருங்கல்லும் மேலே பலகை பலகையாக அடுக்கிய குவார்ட்சைட்டும் (மணற்கல் இறுகி மாறிய பாறை) தெரியும். இரண்டும் சந்திக்கும் கோட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறது. நான் மாணவர்களை அங்கே நிறுத்தி, கட்டைவிரலைக் கருங்கல்லிலும் சுண்டுவிரலைக் குவார்ட்சைட்டிலும் வைக்கச் சொல்வேன். ஒரு சாண்கூட இல்லை. அதற்குள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் குறையாத காலம் காணாமல் போயிருக்கிறது. 'மை' விகுதி போட்ட சொல்லை வைத்துக்கொண்டு எதைத் தொட்டுக் காட்டுவேன்?

இன்னொன்று, இதற்கு வகைகள் உண்டு. சிக்கர் முனையில் கீழடுக்கு சாய்ந்து நிற்கிறது. திருமலையில் கீழே இருப்பது அடுக்கே இல்லாத கருங்கல். சில இடங்களில் மேலும் கீழும் ஒரே கிடையாக இருக்கும், நடுவே அரித்த தடம் மட்டும் தெரியும். தேர்கிற சொல் இத்தனைக்கும் முன்னொட்டுத் தாங்க வேண்டும்.

இரா.

---

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

நீங்கள் அங்கே மண்ணியல், நிலவியல் என்று எழுதுவதை நாங்கள் இங்கே புவிச்சரிதவியல் என்றுதான் படித்தோம். சரிதம் என்ற சொல் உள்ளே இருப்பதால் எனக்கு இது எப்போதும் வாசிக்கிற விஷயமாகவே தெரிகிறது. எங்கள் கிணறுகளெல்லாம் மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் வெட்டியவை. சிறுவயதில் அதிலிருந்த சிப்பித் தடங்களைத்தான் முதலில் வாசித்தேன்.

டார்வின் 1859இல், லயெலின் உவமையைத் தொடர்ந்து, பாறைப் பதிவை அரைகுறையாகப் பேணிய ஒரு வரலாற்று நூல் என்கிறார். கடைசித் தொகுதி மட்டும் கையில் இருக்கிறது, அதிலும் அங்கங்கே ஓர் அதிகாரம், பக்கத்துக்குச் சில வரி. இதைத் தமிழருக்கு விளக்கவும் வேண்டுமா? புறநானூற்றில் 266ஐப் படித்துத் திருப்பினால் 269. நடுவில் இரண்டு பாட்டு இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. ஏடு தொலைந்தது.

'ஏடு' என்றால் ஓலை, பாலின் மேல் படிகிற படலமும் ஏடுதான். படிவதும் எழுதப்படுவதும் ஒரே சொல்லில் இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: 'ஏடிழப்பு'.

ந.

---

> என் முன்மொழிவு: 'ஏடிழப்பு'.

ந., படித்தவுடன் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு அழகு. ஆனால் அது தொலைந்த காலத்துக்கான பெயர். அதை ஆங்கிலத்தில் ஹயேட்டஸ் என்று தனியாகச் சொல்வார்கள். நாம் தேடுவது, தொலைந்தது தெரிகிற இடத்தை. 266க்கும் 269க்கும் நடுவே இருக்கிற வெட்டை.

இரா.

---

இரா. சொல்வது சரி. பண்பை விட்டுவிடுகிறேன். 'பொருந்தாப் பரப்பு' எனலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும்; அச்சில் ஒற்றை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெருந்திணைக்கு அஞ்ச வேண்டாம். அகத்துக்கு ஒரு பொருந்தா, புறத்துக்கு ஒரு பொருந்தா இருந்துவிட்டுப் போகட்டும்.

பு.

---

நான் ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் இருக்கிறேன், இங்கே அதிகம் எழுதியதில்லை. எங்கள் ஆட்கள் "மண்ணு விட்டுச்சு, பாறை தட்டிருச்சு" என்பார்கள். குழாயில் வரும் தூளின் நிறம் சட்டென்று மாறும். 'பொருந்தாப் பரப்பு' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். மற்றவை புரியாது.

த.

---

அனைவருக்கும் நன்றி. மணி இரவு பதினொன்று, நாளை வெள்ளி. கருத்துச் சொன்னவர்களில் மூவர் 'பொருந்தாப் பரப்பு' பக்கம். அதையே போடுகிறேன். வகைகளுக்குச் 'சாய்வுப் பொருந்தாப் பரப்பு' என்பது மட்டும் இப்போதைக்கு. சிக்கர் முனைக்கு அது போதும். ஹட்டனின் எழுத்தில் இந்த இடம் வரும்போது அவர் 'சந்தி' என்ற பொருளில்தான் எழுதுகிறார், அதனால் அங்கே மட்டும் 'சந்திப்பு' என்று விட்டிருக்கிறேன். 'ஏடிழப்பு' லயெல் பகுதியில், விடுபட்ட காலத்துக்கு.

மீ.

---

அன்புள்ள மீ., நீங்கள் முடிவு எடுத்துவிட்டீர்கள், மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று. பிளேஃபேருக்கு மனம் கிறுகிறுத்தது பரப்பைப் பார்த்தா, இழப்பை நினைத்தா? அந்தப் பத்தியில் மட்டுமாவது ஏடு இருக்கட்டும். அச்சுக்குப் போகுமுன் இந்த மடலைப் பார்த்தால் போதும்.

ந.