'டேட்டா லாகர்': பதிவியா, ஒழுகா? வெள்ளிக்குள் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

மாணவர் பட்டறை ஒன்றுக்கான கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1982இல் வந்த கொமடோர் 64 கணினியின் பேடில் (விளையாட்டுக் கைப்பிடி) நுழைவில் தெர்மிஸ்டரை, அதாவது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உணரியை, இணைக்கிறார்கள். பேசிக் நிரல்மொழியின் பீக் கட்டளை கொண்டு நினைவகத்தின் 54297ஆம் முகவரியைப் படித்தால் 0 முதல் 255 வரை ஓர் எண் வரும். நிமிடத்துக்கு ஒன்றாக நினைவகத்தில் சேர்த்து, பிறகு நொடிக்கு 300 பிட் வேகத்தில் வேறு கணினிக்கு அனுப்ப வேண்டும். சென்சாருக்கு உணரி, டேட்டாவுக்குத் தரவு என்று சொல்லெல்லாம் கிடைத்துவிட்டன. இப்படி அளவுகளைத் தானே சேர்த்துவைக்கும் கருவியான 'டேட்டா லாகர்' மட்டும் உதைக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

---

தரவுப் பதிவி. உணர், உணரி, பதி, பதிவி. இதில் பேச என்ன இருக்கிறது?

---

இருக்கிறது ஐயா. உணர் என்ற வினையடியோடு இகரம் சேர்ந்து உணரி ஆயிற்று. பதிவியில் வகரம் எங்கிருந்து வந்தது? நன்னூல் சொல்லும் 'வி' விகுதி என்றால் அது பிறவினை: செய் செய்வி, பதி பதிவி. கருவியின் பெயரைக் கேட்டால் ஏவலைக் கொடுக்கிறீர்கள். போதாக்குறைக்கு, செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டரை ஏற்கெனவே பதிவகம் என்கிறோம். இந்தக் கணினியின் 6510 செயலியைப் பற்றிப் பேசும் கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் திணறுவார்.

---

'லாக்' என்பதே மரக்கட்டைதான். கப்பலின் வேகம் அறியக் கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து முடிச்சுகளை எண்ணினார்கள். அந்த அளவை எழுதிய ஏடு லாக் ஆயிற்று. நமக்கு அந்தக் கட்டை எதற்கு? நம்மிடம் 'ஒழுகு' இருக்கிறது. திருவரங்கத்துக் கோயில் வரலாற்றின் பெயர் கோயிலொழுகு. நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் எழுதிவைப்பது ஒழுகு. இந்தக் கணினி செய்வதும் அதுவே. தரவொழுகு என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு அழகு!

---

அழகுதான். ஆனால் 'தரவொழுகு' என்று படித்தவுடன் மாணவர், தரவு எங்கோ கசிகிறது என்று ஓட்டையைத் தேடுவார். மழைக்காலத்தில் கூரைக்குச் சொல்லும் சொல்லை வெப்பமானிக்குச் சூட்டாதீர்கள். லாகர் என்றே எழுதினால் யாருக்கு என்ன நட்டம்?

---

லாகர் என்றால் பெட்டக லாக்கர் என்று படிப்பார்கள். அதுதான் நட்டம்.

சொல் ஒருபுறம் இருக்கட்டும். பேசிக்குக் கிடைப்பது 38,911 பைட். நிமிடத்துக்கு ஒரு பைட் என்றாலும், நிரலுக்கான இடம் போக, 27 நாள்கூடத் தாங்காது. இடையில் கேசட்டில் சேமித்தால் உள்கடிகாரம் பிசகிவிடும். நேரக் குறிப்பை நம்ப முடியாது. கையேட்டில் எச்சரித்திருக்கிறார்களா?

---

இல்லை. சேர்த்துவிட்டேன், நன்றி. இரண்டு நாள் விவாதத்தில் உருப்படியாகக் கிடைத்தது இது ஒன்று.

பதிவிக்கு நான்கு பேர், 'குறிப்பி' என்ற இன்னொரு சொல்லுக்கு ஒருவர், ஒழுகுக்கு ஒருவர். பிறவினைக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் விடை இல்லை. ஆனாலும் தரவுப் பதிவி என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

---

கருவிக்குப் பதிவி என்றே இருக்கட்டும். அது எழுதிவைக்கும் கோப்புக்கு என்ன பெயர்? அதுவாவது ஒழுகாக இருக்கலாமே.

---

பதிகை.

---

பதிகம் என்று படித்துவிடுவார்கள்.