பி-யில் ஸ்டார்ட் ஆகவில்லை, என்-னில் ஆகிறது. கியர் பாக்ஸ் போச்சா?

செம்பனைக்காட்டான் (சுங்கை சிப்புட்):
வணக்கம் அண்ணன்மார்களே. அப்பாவின் பழைய ஓட்டோ கியர் காடி (கார்). ஒரு வாரமாக பி-யில் (பார்க்கிங்) சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. லீவரை என்-னுக்கு (நியூட்ரல்) இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ரிவர்ஸ் விளக்கும் லீவரை ஆட்டினால்தான் எரிகிறது. பட்டறையில் 'பாக்ஸை இறக்கணும், 2,800 ரிங்கிட்' என்கிறார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் அது ஒன்றரை மாதத்துக்கு மேல். என்ன செய்யலாம்?

பழைய ஃபோர்மேன் (ஈப்போ):
இறக்க விடாதே தம்பி. ஓடும்போது கியர் வழுக்குகிறதா? இல்லையென்றால் கோளாறு லீவருக்கும் பாக்ஸுக்கும் நடுவில்தான். பாக்ஸின் பக்கவாட்டில் இன்ஹிபிட்டர் சுவிட்ச் இருக்கும். பி, என் இரண்டில் மட்டும் ஸ்டார்ட்டருக்கு வழிவிடும். ரிவர்ஸ் விளக்கைப் போடுவதும் பெரும்பாலும் அதேதான். உனக்கு இரண்டும் சேர்ந்தே படுத்துகிறது, பார்த்தாயா?

சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொள். காடிக்கு முன்னால் பின்னால் ஆள் நிற்கக் கூடாது. ஒவ்வொரு இடமாகச் சாவியைத் திருப்பு. ஆர் (ரிவர்ஸ்), டி (முன்னால் ஓட்டும் கியர்), அதற்குக் கீழே எதிலும் ஸ்டார்ட்டர் மூச்சு விடக் கூடாது. அப்புறம் பி-யில் லீவரை முன்பக்கம் அழுத்திப் பிடித்துத் திருப்பு. அப்போது மட்டும் ஸ்டார்ட் பிடித்தால், லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கிறது. அதன் பாக்ஸ் பக்கத்து முனையில் புஷ் என்ற சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கும், முதலில் அதைப் பார்.

வேன் அக்கா (தாப்பா):
தம்பி, ஸ்டார்ட் ஆவதைவிட பி பிடிக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்தால் லீவர் பி-யில் இருக்கும், உள்ளே பூட்டு விழுந்திருக்காது. சரியாகும்வரை ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்காதீர்கள். சுவிட்சை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டி-யிலேயே ஸ்டார்ட் ஆகிப் பாய்ந்துவிடும்.

செம்பனைக்காட்டான்:
அண்ணே, அழுத்திப் பிடித்தேன், பிடித்துக்கொண்டது! ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி டார்ச் அடித்தால், கேபிள் முனையில் புஷ்ஷே இல்லை. பழுப்பேறிய இரண்டு துணுக்குகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் கிடந்தன. புதுசு 12 ரிங்கிட். அக்கா சொன்னபடி லேசான சரிவிலும் பார்த்தோம். பிரேக்கை மெல்ல விட்டதும் ஒரு குலுக்கு, அப்படியே நின்றது. ரிவர்ஸ் விளக்குதான் இன்னும் சில நேரம் அடம் பிடிக்கிறது.

பழைய ஃபோர்மேன்:
என்-னில் வை. சுவிட்சின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, அதிலுள்ள கோட்டுக்கு நேராகத் திருப்பி இறுக்கு. அப்புறம் முதலிலிருந்து எல்லா இடத்திலும் திரும்பச் சோதி. அதற்கும் மசியவில்லை என்றால் சுவிட்சை மாற்று. பாக்ஸைத் தொடாதே.