புது பேட் போட்டதும் ஒரு சக்கரம் மட்டும் சூடேறினால்

பிக்கப் டிரக்குக்கு முன் பிரேக் பேட் மாற்றியதிலிருந்து வலது முன் சக்கரம் கொதிக்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் ஓடினாலே கருகல் வாடை, ஸ்டியரிங் வலது பக்கம் இழுத்தது. புது பேட் டிஸ்கோடு பழகும்வரை லேசாக வாடை வருவது சகஜம்தான். ஆனால் அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், சீக்கிரமே அடங்கியும் விடும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

மெக்கானிக் பேட் மீது சந்தேகப்பட்டு வேறு செட் போட்டார். மாற்றமே இல்லை. அப்புறம்தான் முறைப்படி தேடினோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. அப்படியே காலிப்பரில் (பேட்டை டிஸ்க் மீது அழுத்திப் பிடிக்கும் பாகம்) உள்ள ப்ளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, கொஞ்சம் தளர்த்தினோம். பிரேக் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் விடுபட்டுச் சுற்றியது.

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டால் ஆயில் அழுத்தம் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. விடுபடாவிட்டால் கோளாறு காலிப்பரிலேயே இருக்கிறது. எங்களுக்கு முதல் வகை. மறுபடி பிரேக்கை மிதித்து, இந்த முறை இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் நட்டைத் தளர்த்திப் பார்த்தோம். சக்கரம் விடவில்லை. அப்படியென்றால் அடைப்பு அந்த நட்டுக்கும் காலிப்பருக்கும் நடுவில், ஹோஸுக்குள்ளேதான்.

வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை, உள்சுவர் உரிந்துபோயிருந்தது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழியில்லை. பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிட்டால் பழைய ஹோஸ் இப்படிக் கெட்டுப்போகலாம். தயவுசெய்து ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு பக்க ஹோஸையும் மாற்றி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுத்தபின் சூடு சமமாகிவிட்டது.

* * *

அண்ணா, என் வண்டியில் நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை. காலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளும் பிஸ்டன்தான் காரணம். பழைய பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். தூசி ரப்பர் கிழிந்திருந்தால் அந்த நீட்டிய பகுதி துருப்பிடிக்கும். தடிமனான புது பேட்டுக்காக அதை உள்ளே தள்ளும்போது துருப்பிடித்த இடம் நேராக சீலுக்குள் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்) போய் உட்கார்ந்துவிடுகிறது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. முறுக்கிய சீல் பழைய நிலைக்குத் திரும்பும்போது இழுக்கிற அந்தச் சின்ன அசைவுதான் எல்லாமே. துரு அதைத் தடுத்துவிடும். நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக், பேட் மாற்றிய அன்றே ஏன் பிடிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிஸ்டன் நன்றாக இருந்தால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னைக் கழற்றிப் பாருங்கள், விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். அதற்கென்று வரும் சிலிக்கான் கிரீஸையே தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து பின்னை இறுக்கிவிடும். பேட் காது உட்காரும் கிளிப்புக்கு அடியில் துரு கட்டியிருந்தாலும் பேட் நகராது. அங்கே கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கும் பொறுமை பலருக்கு இல்லை, எனக்கு வருத்தமாக இருக்கிறது.

* * *

எனக்கு இரண்டு முன் சக்கரமும் சேர்ந்தே சூடேறியது. அப்படியென்றால் காலிப்பரை விட்டுவிட்டு மேலே பாருங்கள். பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் ராடுக்குக் கொஞ்சமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும், ஓட ஓட ஆயில் சூட்டில் விரிந்து பிரேக்கைத் தானே அழுத்தும். மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்திச் சிறிது முன்னே நகர்த்தியதும் சக்கரங்கள் விட்டால் இதுதான் கோளாறு. ராடின் நீளத்தைச் சரிசெய்ததோடு எனக்கு வேலை முடிந்தது.

இன்னொன்று. பிரேக் இப்படிக் கொதித்திருந்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இது 230, 155. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. சூடேறிய பக்கத்து வீல் பேரிங்கில் கிரீஸ் உருகி வழிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு சக்கரத்தை மாட்டுங்கள்.