காரில் அடுத்த பாட்டை யார் முடிவு செய்கிறார்கள்?

பி சைடு
கேசட்டில் தொடங்கி இன்றைய போன் வரைக்கும் காரில் பாட்டு கேட்டு ஓட்டியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஒலித்தரம் எப்படிக் கூடியது என்பதெல்லாம் வேண்டாம். கேட்கிற பழக்கம் எப்படி மாறியது என்று சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டுவதே ஒரு வேலை. ஃபார்வர்டை அழுத்தி, குத்துமதிப்பாக எண்ணி, நிறுத்திப் பார்த்தால் அடுத்த பாட்டு பல்லவி முடிந்து சரணத்தில் நிற்கும். மறுபடி ரீவைண்ட், மறுபடி ஒரு நிறுத்தம். கியரையும் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் யார் செய்வது? பிடிக்காத பாட்டும் ஓடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். எங்கள் வண்டியில் கிடந்த ஒரு கேசட்டில் ஏ சைடின் மூன்றாவது பாட்டு யாருக்கும் பிடிக்காது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அதன் வரிகள் மனப்பாடம். பிடிக்காத பாட்டை முழுசாகக் கேட்கிற வழக்கம் அதோடு போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம், 90-ல் 45. “இன்னும் ஒரு சைடு ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று தூரத்தையே அதை வைத்துச் சொல்வோம். பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பும்வரை வண்டிச் சத்தம் மட்டும் இருக்கும். பெரும்பாலும் பேச்சு ஆரம்பிப்பது அப்போதுதான். பக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரிவர்ஸ் டெக் வந்த பிறகு அந்த இடைவெளியும் இல்லை.

இன்னொன்று. இப்போதும் ஒரு பழைய பாட்டு முடிந்தால், அந்தக் கேசட்டில் அதற்கு அடுத்ததாக இருந்த பாட்டின் முதல் இசை மனசுக்குள் தானாக ஓடுகிறது. ரேடியோவில் வேறு பாட்டு வந்தால் ஏதோ தப்பு நடந்தது போல இருக்கிறது. உங்களுக்கும் இப்படி உண்டா?

பழைய வண்டிப் பைத்தியம்
உண்டு. ஆனால் நான் கேசட்டுக்கு முன்னால் போகிறேன். 1956 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் இசைத்தட்டு பிளேயரே இருந்தது. நிமிடத்துக்கு 16⅔ சுற்று. அதற்கென்றே தயாரித்த தட்டுகள் மட்டும்தான் ஓடும், வீட்டில் இருக்கிற தட்டு உதவாது. அது நிலைக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. காரில் என்ன கேட்கலாம் என்பதை வண்டி விற்றவரே முடிவு செய்தார் அல்லவா?

நான் நேரில் கேட்டது 8 டிராக் என்ற நாடாப் பெட்டி. 1965-ல் ஃபோர்டு தன் 1966 மாடல்களுக்குக் கொடுத்த சமாசாரம். ஒரு சேகரிப்பாளர் தன் வண்டியில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். முடிவே இல்லாத ஒற்றை வளையமாக நாடா சுற்றுகிறது. ரீவைண்ட் என்ற பேச்சே கிடையாது. நாடாவில் நான்கு பகுதிகள். நான்கையும் ஒரே நீளத்தில் அடக்க வேண்டும் என்பதற்காக ஒரு பாட்டை நடுவிலேயே வெட்டியிருந்தார்கள். குரல் மெல்லத் தேய்ந்தது, “டக்” என்று நாடாவைப் படிக்கும் ஹெட் இடம் மாறியது, அப்புறம் விட்ட இடத்திலிருந்து பாட்டு எழுந்தது. அவர் அந்த “டக்”குக்குச் சரியாக ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு தட்டினார். அது இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்டால் ஏதோ குறைகிறதாம்.

டிக்கி சேஞ்சர்
சிடியை யாரும் தொடவில்லையே. 1982-ல் சிடி விற்பனைக்கு வந்தது. நம் வண்டிக்குள் வந்து உட்காரும்போது பள்ளத்தில் இறங்கினால் பாட்டு குதிக்கும். சாலையைப் பார்த்து ஓட்டுகிறோமா, பாட்டுக்காக ஓட்டுகிறோமா என்றே தெரியாது. பிறகு சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும் பிளேயர்கள் வந்தன, தொல்லை குறைந்தது.

என் கதை டிக்கியில் வைக்கிற 6 சிடி சேஞ்சரைப் பற்றியது. கிளம்புவதற்கு முன்பே ஆறு தட்டுகளையும் தேர்ந்தெடுத்து அடுக்க வேண்டும். நடுவழியில் மாற்ற நினைத்தால் வண்டியை ஓரம் கட்டி, பெட்டிகளை நகர்த்தி, தட்டுகள் அடுக்கிய அந்த மேகசினை உருவ வேண்டும். யாரும் செய்ய மாட்டோம். அதே ஆறு மாதக்கணக்கில் கிடக்கும். ஆல்பத்தின் பெயரே எங்களுக்கு மறந்துபோய், “நாலு போடுப்பா”, “ரெண்டு வேண்டாம், தூக்கம் வரும்” என்றுதான் பேசுவோம். இன்றைக்கும் என் தம்பிக்கு அந்த ஆல்பம் “நாலு”தான்.

ஒரு பட்டனில் அடுத்த பாட்டுக்குப் போகும் வசதி சிடியில்தான் எங்களுக்கு வந்தது. இருந்தாலும் ஆறு தட்டுக்குள் எங்கே ஓட முடியும்? தாண்டியும் திரும்ப அதே பாட்டுகள்தான்.

ட்ராக் 01
எம்பி3 வந்ததும் நிலைமை தலைகீழ். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட 1 எம்பி. அப்படியானால் 700 எம்பி தட்டு ஒன்றிலேயே பதினொரு மணி நேரத்துக்கு மேல். பென்டிரைவுக்குக் கணக்கே இல்லை.

ஆனால் நான் கேட்டதெல்லாம் முதல் இருபது பாட்டுதான்! எங்கள் வண்டியின் பிளேயர் சாவி போட்ட ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும். அந்த “முதல்” அகர வரிசைப்படியும் இல்லை. பென்டிரைவில் எது முதலில் காப்பி ஆனதோ அதுதான். தமிழில் வைத்த கோப்புப் பெயர்கள் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், எந்தக் கட்டம் எந்தப் பாட்டு என்று கண்டுபிடிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிடும். ஷஃபிள் போட்டால் பக்திப் பாட்டுக்குப் பின்னால் குத்துப்பாட்டு. தேர்ந்தெடுக்க ஆயிரம் இருந்தும் தேர்வு என் கையில் இல்லை என்பதுதான் வேடிக்கை.

போனை இணைத்தாலும் அகர வரிசையில் முதல் பாட்டு தானாகவே ஓடும் தொல்லை பலருக்கு இருந்தது. 2017-ல் ஒருவர் பெயரின் தொடக்கத்தில் ஏ, ஏ என்று அடுக்கி, 9 நிமிடம் 58 விநாடிக்கு வெறும் மௌனத்தைப் பதிவுசெய்து ஐட்யூன்ஸில் விற்பனைக்கு விட்டார். ஒன்றும் கேட்காமல் இருப்பதற்காக ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பின்சீட்டுப் பயணி
எங்கள் வீட்டில் இப்போது சண்டை பாட்டுக்கு இல்லை, யார் போன் கனெக்ட் ஆகிறது என்பதற்கு. முதலில் கதவைத் திறந்தவர் போனை வண்டி பிடித்துக்கொள்கிறது. என் மகள் கீழே இறங்கிப் போகும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும், இன்றைக்கு அவள் பிளேலிஸ்ட்தான் என்று.

அவள் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பல்லவி முடிந்ததும் அடுத்தது. பிள்ளைகளுக்குப் போட்ட மழலைப் பாட்டெல்லாம் சேர்ந்து, நான் தனியாகப் போகும்போதும் ஆப் எனக்கு அதையே பரிந்துரைக்கிறது. இதற்கு நடுவில் வழிகாட்டும் குரல் வேறு. உச்சத்தில் பாடகர் இழுக்கும்போது சரியாக “வலப்புறம் திரும்பவும்” என்று வந்து விழும்.

ஏக்கம் இல்லாதவன்
எல்லோரும் பழசைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். வெயிலில் டேஷ்போர்டு மேல் வைத்த கேசட் வளைந்து போனதும், டெக் நாடாவைத் தின்றதும், பென்சிலை விட்டுச் சுற்றியதும் மறந்துவிட்டதா? வளைந்த கேசட்டில் பாடகர் தண்ணீருக்குள் இருந்து பாடுவது போல இருக்கும். நான் இதுவரை கேட்காத பாடகர்களைக் காரில்தான் கண்டுபிடித்திருக்கிறேன், அதுவும் இந்த ஆப் புண்ணியத்தில். ஒரு பாட்டு பிடித்தால் அந்த ஆல்பத்தை முழுசாக டவுன்லோடு செய்து வைத்துக்கொள்கிறேன், சுரங்கப் பாதையிலும் நிற்காது. பிடிக்காததைக் கேட்டே ஆக வேண்டும் என்பது பழக்கம் இல்லை, கட்டாயம்.

பி சைடு
கட்டாயம் என்றே வைத்துக்கொள்வோம். எனக்குக் கிடைத்த பாதிப் பாட்டு அந்தக் கட்டாயத்தில் கிடைத்ததுதான், அதனால் வாபஸ் வாங்க மாட்டேன்.

அமெரிக்காவில் கேசட் டெக்கோடு வந்த கடைசிப் புதுக் கார் 2010 மாடல் லெக்சஸ் எஸ்சி 430 என்பார்கள். அதற்கும் பழைய வண்டி வைத்துக்கொண்டு போனில் பாட்டு கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கேசட் வடிவில் டெக்குக்குள் போய், வயர் வழியாகப் போனோடு இணையும் கேசட் அடாப்டர் போதும். ஆனால் சில ஆட்டோ ரிவர்ஸ் டெக்குகள் நாடா முடிந்துவிட்டது என்று நினைத்து அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே பல்சக்கரம் இருக்கிற அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.