பதியாத 3 வருடக் கடை ஒப்பந்தம்: லாக்-இன் செல்லுமா?

கோவை காந்திபுரம், 280 சதுர அடி கடை. வாடகை 18,000, அட்வான்ஸ் 1,80,000. ஒப்பந்தம் 3 வருடத்துக்கு, லாக்-இன், அதாவது இடையில் காலி செய்யக்கூடாத காலம், 30 மாதம் (வாடகைதாரருக்கு மட்டும்தான்!). 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியதோடு சரி; சார்பதிவாளரிடமும் பதியவில்லை, வாடகை அதிகாரியிடமும் பதியவில்லை.

21 மாதம் முடிந்தது, வாடகை பாக்கி இல்லை. காலி செய்யப்போவதாக ஸ்பீடு போஸ்டில் 2 மாத நோட்டீஸ் போயாச்சு. மாற்று ஆளைக் காட்டியும் உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. மீதி 9 மாத வாடகை 1,62,000-ஐக் கழித்துக்கொண்டு 18,000 மட்டும் தருவாராம்.

பத்திர எழுத்தர் “செல்லாது” என்கிறார். பதிவுச் சட்டம் 49-ஆம் பிரிவிலோ, பதியாத ஆவணத்தைத் துணை நோக்கத்துக்கு (அதன் முக்கிய விஷயம் அல்லாத, பக்கவாட்டு விஷயத்தைக் காட்ட) சாட்சியமாக ஏற்கலாம் என்று இருக்கிறது. இடிப்பது அதுதான்.

லாக்-இன் அந்தத் துணை நோக்கத்துக்குள் வருமா?