கடைசி நிமிட நெருக்கடி: அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்துக் கோச்சுகளிடம் மேனேஜர்கள் கற்க என்ன இருக்கிறது?

கேள்வி:
சாஃப்ட்வேர் ரிலீஸ் இரவில் ஏதாவது உடைந்தால் டீம் மொத்தமும் மேனேஜர் வாயையே பார்த்து நிற்கிறது. தலைமைப் பயிற்சி வகுப்புகளில் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டிகளைக் காட்டி "மன உறுதி", "நம்பிக்கை" என்கிறார்கள். அந்தக் கோச்சுகள் நடைமுறையில் செய்வது என்ன? ஆபீசில் செய்து பார்க்கக்கூடியதாகச் சொல்லுங்கள்.

பதில் 1:
2016 என்சிஏஏ இறுதி ஆட்டத்தின் கடைசி 4.7 விநாடியைப் பாருங்கள். வில்லனோவாவும் நார்த் கரோலினாவும் 74-74. வில்லனோவா கோச் ஜே ரைட் டைம்-அவுட்டில் (அணி கேட்டு வாங்கும் சிறு இடைவேளை) புதிதாக எதையும் வரையவில்லை. பயிற்சியில் திரும்பத் திரும்ப ஓட்டிய பிளேதான், அதாவது யார் எங்கே ஓடுவது என்ற திட்டம். ஜென்கின்ஸ் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைப் போட, ஆர்ச்சிடியாகோனோ அதைத் தட்டிக்கொண்டு ஓடுவார். நடுக்கோட்டருகே ஒசெஃபு தடுப்பாக நிற்பார். யாருக்கு இடம் கிடைக்கிறது என்று பார்த்து, பந்து வைத்திருப்பவரே முடிவெடுப்பார். ஆர்ச்சிடியாகோனோ தானே அடிக்காமல் பின்னால் வந்த ஜென்கின்ஸிடம் கொடுத்தார். அவர் அடித்தார், வில்லனோவா வென்றது: 77-74.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. தான் நிற்கப்போகும் இடத்தில் ஈரமாக இருந்த தரையை, டைம்-அவுட் முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்குமுன் ஒசெஃபுவே மாப்பை வாங்கித் துடைத்தார். தன் வேலை எந்த இடத்தில், எதனால் வழுக்கும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆபீசில்: அடிக்கடி உடையும் மூன்று விஷயங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் "பந்து யார் கையில்" என்று ஒரே ஒரு பெயர். அவர் யாரையும் கேட்காமல் ரோல்பேக் (முந்தைய வெர்ஷனுக்குத் திரும்புவது) செய்யலாம் என்று எழுத்தில் கொடுங்கள். வாரம் 20 நிமிடம் ஒத்திகை. பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: ஸ்லைடு போட்டுப் பேசிவிட்டு அதை ஒத்திகை என்கிறார்கள். டெஸ்ட் சர்வரில் நிஜமாகவே உடைத்து, நிஜமாகவே ரோல்பேக் செய்ய வேண்டும். அப்போது மேனேஜர் வாய் திறக்கக்கூடாது.

பதில் 2:
ஒத்திகை சரி. கையில் என்ன மிச்சம் என்பது தெரியாவிட்டால் அதுவும் வீண். 1993 இறுதி ஆட்டத்தில் மிஷிகன் 71, நார்த் கரோலினா 73, மீதி 11 விநாடி. மூலையில் இருவர் மடக்க, மிஷிகனின் கிறிஸ் வெப்பர் டைம்-அவுட் கேட்டார். மிஷிகனிடம் டைம்-அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. இல்லாததைக் கேட்டால் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது விதிமீறல். ஃப்ரீ த்ரோவும் பந்தும் எதிரணிக்குப் போய், 77-71 என்று முடிந்தது. அதை ஒரு பையனின் தவறாக மட்டும் பார்ப்பது அநியாயம். அத்தனை இரைச்சலில், மடக்கப்பட்ட நிலையில், ஒருமுறை காதில் விழுந்த கணக்கு யாருக்கும் நிற்காது. சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

இன்னொன்று. டிவி ஆட்டங்களில் ஒவ்வொரு 20 நிமிடப் பாதியிலும் மீதி நேரம் 16, 12, 8, 4 நிமிடக் குறிகளைத் தாண்டியதும், அடுத்து ஆட்டம் நிற்கும்போது இடைவேளை உண்டு. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தின் அந்த முறையை ஆபீசுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளலாம். பிரச்சினை ஓடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். ரோல்பேக் செய்ய இன்னும் எவ்வளவு நேரம், யாருடைய அப்ரூவல் பாக்கி, அடுத்த ஷிஃப்ட்டுக்கு யார்? மூன்றையும் மேனேஜர் அல்லாத ஒருவர் உரக்கச் சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் மேனேஜர் பேசவே வேண்டாமா? ஊக்கம் கொடுப்பது?

பதில் 3:
பேசலாம், ஆனால் எதைப் பேசுவது என்பதில்தான் விஷயம். யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கோச்சாக இருந்த ஜான் வுடன் (John Wooden) 12 ஆண்டுகளில் 10 முறை பட்டம் வென்றவர். 1974-75 பருவத்தில் அவருடைய பயிற்சிகளை இரண்டு உளவியலாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். 2,326 குறிப்புகளில் சுமார் 75 சதவீதம், எதை எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டு, திட்டு இரண்டுமே மிகக் குறைவு.

அதனால் "நம்மால் முடியும்", "கவனமா இருங்க" இரண்டையும் விடுங்கள். "ரவி, பேமென்ட் லாக் மட்டும் பாரு, 11:40-க்குள் எண்ணைச் சொல்லு" என்று பெயர், வேலை, நேரம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். பதில் வரும்வரை அவரிடம் இரண்டாவது கேள்வி வேண்டாம்.