நம்ம வளவு குரூப்: எக்ஸ்ரே பார்க்க கம்ப்யூட்டரே போதுமா?

உமையாள், 7:42
மெய்யப்பண்ணே, மக எம்.டி.க்கு ரேடியாலஜி, அதான் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்ற படிப்பு, எடுக்கணும்ங்கிறா. அந்த வேலையெல்லாம் ஏஐ-க்குப் போயிடுமாமே?

மெய்யப்பன், 7:50
தாராளமா எடுக்கட்டும். ரேடியாலஜிஸ்ட் பயிற்சியையே நிறுத்துங்க, அஞ்சு வருசத்துல கம்ப்யூட்டர் ஜெயிச்சிரும்னு ஏஐ விஞ்ஞானி ஜெஃப்ரி ஹிண்டன் 2016-ல சொன்னாரு. கெடு எப்பவோ முடிஞ்சிருச்சு. இன்னும் ஸ்கேன் பார்க்க ஆள் பத்தலை.

சொக்கலிங்கம் சிங்கப்பூர், 7:58
ஆனா ஸ்வீடன்ல 80,000 பெண்களுக்கு மேல மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்த ஆய்வு இருக்கே அண்ணே. 2023-ல வந்த முடிவு: ஏஐ துணை இருந்தப்ப டாக்டர்கள் படம் படிக்கிற வேலை 44 சதவீதம் குறைஞ்சுது. புற்றுநோய் பிடிபடுறது குறையலை.

மெய்யப்பன், 8:03
நல்ல ஆய்வு. அங்க வழக்கமா ஒரு படத்தை ரெண்டு டாக்டர் பார்ப்பாங்க. ஏஐ ஆபத்து கம்மின்னு ஒதுக்கினதை ஒருத்தர் பார்த்தாங்க, ஆபத்து கூடினதை ரெண்டு பேரும். டாக்டர் பார்க்காம எதுவும் போகலை.

அழகப்பன் டெக்னீஷியன், 8:06
படம் எடுக்கிறதுலயே பாதி இருக்கு ஆச்சி. நிக்க வச்சு, முதுகுப் பக்கமிருந்து 180 செ.மீ. தள்ளி எடுத்தா இதயம் சரியான அளவுல விழும். படுக்கையில முன்பக்கமிருந்து கிட்டத்துல எடுத்தா பெருத்துத் தெரியும். மூச்சை முழுசா இழுக்கலைன்னா நுரையீரல் அடியில வெள்ளையா படியும், நிமோனியா கணக்கா. வயசானவுகளுக்குத் தோல் மடிப்பு விழுந்தா, நுரையீரலுக்கு வெளிய காத்துக் கசிஞ்ச மாதிரி ஒரு கோடு.

மெய்யப்பன், 8:11
அந்தக் காத்துக் கசிவுலதான் பெரிய பொறி. பயிற்சிக்குக் குடுக்கிற படங்கள்ல நிறைய பேருக்கு அந்தக் காத்தை வெளியேத்த ஏற்கெனவே நெஞ்சுல டியூப் போட்டிருக்கும். கம்ப்யூட்டர் காத்தை விட்டுட்டு டியூபை அடையாளமா பிடிச்சுக்கும். டியூப் போடாத ஆளைத் தவறவிட்டுரும். உடனே பார்க்க வேண்டியது அந்த ஆளைத்தான்!

டாக்டர் வள்ளியம்மை, 8:15
நம்ம பக்கத்து ஊர்களுக்கு நிஜமா உதவுறது காசநோய்ப் பரிசோதனை. 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களோட நெஞ்சுப் படத்தை, டாக்டர் படிக்கிறதுக்குப் பதிலா கம்ப்யூட்டரே சலிக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லிருச்சு. காசநோய் இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு அது ஒரு ஸ்கோர் தரும். எந்த ஸ்கோருக்கு மேல பரிசோதனைக்குச் சளி கேட்கிறதுங்கிறதை நாமதான் முடிவு பண்ணணும். தாழ்த்தி வச்சா சளிப் பரிசோதனை குவியும், உயர்த்தினா நோயாளி நழுவிடுவாங்க. ஆறிப்போன பழைய தழும்புக்கும் ஸ்கோர் ஏறும். அதனால ட்ரூநாட், சிபிநாட்னு கிருமியோட மரபணுவைத் தேடுற பரிசோதனை எதுலயாவது சளியைப் பார்க்காம முடிவு சொல்லக்கூடாது.

உமையாள், 8:20
அப்ப அப்பச்சியோட சிடி ஸ்கேன் ஃபிலிமைப் போட்டோ எடுத்து ஏதாவது ஆப்ல போட்டுப் பார்க்கவா?

மெய்யப்பன், 8:24
வேண்டவே வேண்டாம் உமையா. ஸ்கேன்ல ஒவ்வொரு பிக்சலுக்கும் 4,096 அளவு சாம்பல் நிறம் இருக்கும், போன் போட்டோவுல 256-தான். நுரையீரலுக்கு ஒரு விண்டோ, எலும்புக்கு ஒரு விண்டோன்னு வெளிச்சம், கருமையை மாத்திப் பார்க்கவும் முடியாது. டியூப்லைட் வெளிச்சம் பட்டு ஒரு மூலை வெளிறிப் போச்சுன்னா அதையே நோய்னு சொன்னாலும் சொல்லும். ஸ்கேன் சென்டர்ல டைகாம் ஃபைலை, அதாவது ஸ்கேனோட அசல் கம்ப்யூட்டர் ஃபைலை, பென் டிரைவ்ல கேட்டு வாங்கு. போன வருசம் எடுத்ததும் வேணும். ஸ்கேன்ல ஏதாவது புள்ளி தெரிஞ்சா, அது வளர்ந்திருக்கா, அப்படியே இருக்கான்னு வச்சுத்தான் மேற்கொண்டு என்னன்னு சொல்ல முடியும்.

உமையாள், 8:27
பழசு தேவகோட்டை வீட்டுல இருக்குண்ணே. காலையில முதல் பஸ்ஸுல குடுத்து விடச் சொல்றேன்.